பிரேக்கில் ஒரு குறையும் இல்லை

எனக்கு வலிப்பு நோய். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்ல என் வீட்டில் ஒருத்தருக்கும் நான்கு மாதமாக வாய் வரவில்லை. டாக்டருக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்கு வண்டி ஓட்டிய எனக்கு மட்டும் தெரியாது.

என் பெயர் ஏழுமலை. ஊர் வடக்கனந்தல். இருபத்திரண்டு வருடம் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டினேன். இப்போது தொடையெலும்பில் கம்பி வைத்து வீட்டில் கட்டிலோடு கிடக்கிறேன். கால் ஊன்ற இன்னும் பதினைந்து நாள் ஆகும் என்கிறார்கள். சும்மா கிடந்தால் கோபம் தலைக்கேறுகிறது, அதனால் மகள் ரேவதியின் பழைய நோட்டில் இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டிப் பிழைக்கிற யாராவது படித்தால், ஒருமுறையாவது தன் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தானே கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தோசை தட்டில் விழுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் திறந்தால் ஆம்புலன்ஸின் கூரை. நாக்கு ஓரம் கிழிந்து ரத்தம் கரித்தது. லுங்கி நனைந்திருந்தது. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி. பக்கத்தில் என் மனைவி அஞ்சலை முந்தானையால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"மயக்கம் போட்டுட்டீங்க. சக்கர கம்மியாயிருக்கும்."

"நாக்கு ஏன் இப்பிடி எரியுது?"

"வுழும்போது கடிச்சிக்கினீங்க. பேசாம படுங்க."

நம்பினேன். கல்யாணமாகி இருபத்திநாலு வருடம் ஆகிறது, அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். தலையை ஒரு வளையத்துக்குள் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த நாள் மண்டையெல்லாம் பசை தடவி இருபது ஒயர் ஒட்டினார்கள். அதற்கு ஈஈஜி என்று பெயர், மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் கோடு கோடாகக் காகிதத்தில் காட்டும். இது எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைக்கு மச்சான் சேகரிடம், "தலைக்கு எதுக்குடா ஒயரு?" என்று கேட்டேன். "தலைக்கும் ஈசிஜி எடுக்குறாங்க மாமா, இப்ப புதுசா வந்துருக்கு," என்றான். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அந்தத் திறமைக்கு அவன் கட்சியில் சேர்ந்திருக்கலாம்.

ரிசல்ட் வந்த அன்று நர்ஸ் கூப்பிட்டார்: "கூட வந்தவங்க யாரு? உள்ள வாங்க. பேஷண்ட் வெளியே உக்காரட்டும்." நம் பக்கத்து வழக்கம் அது. நோய் ஒருத்தனுக்கு, சேதி இன்னொருத்தனுக்கு. நானும் யோக்கியனில்லை. என் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று என்று டாக்டர் சொன்னபோது, "சாதாரண புண்ணுதாம்ப்பா," என்று கடைசிவரைக்கும் சாதித்தவன் நான். அதை அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருந்த பல்வலிக்காரரிடம் மலை ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அஞ்சலையின் கண் சிவந்திருந்தது. சேகர் முந்திக்கொண்டு, "நரம்பு கொஞ்சம் வீக்கா இருக்காம் மாமா. சத்து மாத்திர குடுத்துருக்காங்க. ஆறு மாசம் வுடாம சாப்புடணுமாம்," என்றான். ஃபைலை அவன் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நான் கேட்கவும் இல்லை. பத்தாவது படித்தவன் நான், எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். காலையில் முட்டை, பதினோரு மணிக்குக் கேழ்வரகுக் கூழ். மாத்திரையை அட்டையோடு தரமாட்டாள் அஞ்சலை. பிரித்து உள்ளங்கையில் வைத்து, நான் தண்ணீர் குடிக்கும்வரை எதிரே நிற்பாள். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடாதீங்க என்பாள். இந்த வயதில் இத்தனை அக்கறையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஜீப் ஸ்டாண்டில் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்த முட்டையெல்லாம் வயிற்றில் புளிக்கிறது.

இங்கே என் தப்பையும் எழுதிவிட வேண்டும். அந்த மாத்திரை போட்டால் தூக்கம் சொக்கியது. கொண்டை ஊசி வளைவில் கண் சொருகுவதைவிட டிரைவருக்குப் பெரிய ஆபத்து வேறில்லை. சத்து மாத்திரைதானே, போனால் போகிறது என்று இரண்டாவது மாதம் நிறுத்திவிட்டேன். அஞ்சலை பார்க்கும்போது வாயில் போடுவேன், கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன், கோமுகி அணை தாண்டியதும் ஜன்னல் வழியாகத் துப்புவேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் பெரிய பொய் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் சின்னப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேகர் ஒருமுறை சொன்னான்தான். "ஒரு ஆறு மாசம் வேற டிரைவர போட்டு ஓட்டலாமே மாமா."

"போடா, ஒரு மயக்கத்துக்குப் போயி எவனாவது ஸ்டியரிங்க வுடுவானா?" என்று கத்தினேன். அவனும் அஞ்சலையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிமிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அஞ்சலை, "சரி வுடு, மாத்திர தான் சாப்புடுறாரே," என்று உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் ஒரு சந்தை நாள். காலை வெயில். உள்ளே பதினாலு பேர், கூரை மேல் அரிசி மூட்டை, ஒரு புது கிரைண்டர். வெள்ளிமலைக்குப் பாதி தூரம் ஏறியிருப்போம். டயர் கருகுகிற வாடை வந்தது. கிளட்ச் போச்சுடா என்று நினைத்தேன். பின்னால் இருந்த யாருக்கும் அந்த வாடை வரவில்லை என்று பிறகு தெரிந்தது. வலிப்பு வருவதற்கு முன்னால் சிலருக்கு இல்லாத வாடை வருமாம்.

அதற்குமேல் எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது ரோட்டோரப் புல்லில் கிடந்தேன். ஜீப் பாறைப் பக்க ஓடையில் சாய்ந்து நின்றது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். வண்டி இந்தப் பக்கம் திரும்பியதால் பதினைந்து உயிர் பிழைத்தது. என் வலது கையில் ஏதோ கனத்தது. பார்த்தால் வீல் ஸ்பேனர். அதைப் பிடித்திருந்த என் விரல்கள் மேல் யாரோ துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

எந்த நோய்க்காரன் கையில் இரும்பைத் திணிப்பார்கள் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு நொடி மனதில் ஏதோ தட்டியது. அதற்குள் தொடை வலி உயிரைப் பிடுங்கிவிட்டது, எதையும் யோசிக்க விடவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். இது வேறு ஆஸ்பத்திரி. தொடையெலும்பு முறிந்தால் சுற்றியிருக்கிற சதை எலும்பை மேலே இழுத்துக்கொள்ளும். அது ஏறிக்கொள்ளாமல் இருக்கக் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிடுவார்கள். டிராக்ஷன் என்று பெயர். ஆறு நாள் அப்படிக் கிடந்தேன். புரளக்கூடாது. பிறகு ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. ஆனால் காது இருந்தது. என் எலும்புக்குள் கம்பியை இறக்க டாக்டர் சுத்தியலால் தட்டுகிற சத்தத்தைப் பட்டறைச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாத்துக்குடியும் ஒரே கேள்வியும் கொண்டுவந்தார்கள். "பிரேக் புடிக்கலியாமே?" யார் சொன்னது என்று கேட்டால், "சேகர்தான் சொன்னான்," என்றார்கள். எனக்குத்தான் ஒன்றும் ஞாபகமில்லையே. இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பேனரைப் பற்றி அஞ்சலையிடம் கேட்டேன். "வண்டியிலேர்ந்து செதறி வந்து வுழுந்துருக்கும்," என்றாள். விழுந்த ஸ்பேனர் கையில் துணி சுற்றிக் கட்டிக்கொள்ளுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பத்தாவது நாள் மெக்கானிக் பாஷா பாய் வந்தார். பதினைந்து வருடமாக என் வண்டியைத் தொடுகிற ஒரே ஆள். விபத்துக்கு முந்தின நாள்தான் பிரேக் வேலை பார்த்துக் கொடுத்தார். சாத்துக்குடி வாங்கி வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"ஏழுமல, நாலு வீலும் கழட்டிப் பாத்துட்டேன். லைனிங் புதுசு. ஆயில் ஒரு சொட்டு லீக் இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்னு நீயே சொல்லுப்பா. கடை முன்னாடி வந்து கத்திட்டுப் போறானுங்க. ஏட்டு வேற ரெண்டு வாட்டி வந்துட்டாரு. தொழுதுட்டு உக்காந்தா அந்தப் பொண்ணு கைதான் கண்ணு முன்னால வருது."

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல பாய்," என்றேன். அஞ்சலை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

பாய் சொன்ன பெண் பூங்கொடி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலை. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போய்விட்டது, அவளுக்கு மட்டும் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என்னை ஸ்ட்ரெச்சரில் எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவில் நிறுத்தினார்கள். அங்கே பெஞ்சில் கையைத் துணியில் தொட்டில்போலக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவளே எழுந்து வந்தாள். "அண்ணா, இப்ப வலிப்பு வரதில்லயே?" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"அன்னிக்கு ரொம்ப நேரம் வெட்டிக்கினு இருந்ததே. வாயில நொர. அடிபட்டதுல வெட்டுதுன்னு நெனச்சிக்கினு எல்லாரும் பயந்து ஓடிட்டாங்க. நான்தான் இரும்பு குடுத்தேன். இந்தக் கைய தூக்க முடியல, அந்தக் கையாலயே புடிச்சிப் பல்லால துணியக் கட்டுனேன். உங்க வூட்டுல கூட வந்து சொன்னேனே, அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

வலிப்பு என்ற வார்த்தையை என்னிடம் முதன்முதலில் சொன்னது என் வீட்டு ஆளில்லை. என்னால் கை முறிந்தவள். கையொடிந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தவள்.

அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். சின்ன வயசுப் பெண். ஆபரேஷனுக்காகச் சேகர் கொடுத்திருந்த பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "நானே கேக்கணும்னு இருந்தேன். இங்க வந்தப்போ எடுத்த ரத்தத்துல மருந்தே இல்ல. வலிப்பு மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்றார்.

"சத்து மாத்திரதானே மேடம்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். நாடாப்புழுவின் முட்டை கழுவாத கீரையிலோ கெட்ட தண்ணீரிலோ வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் ஏறி, மூளையில் கூடு கட்டிக்கொள்கிறதாம். கூட்டைச் சுற்றி வீங்கினால் வலிப்பு வரும். மருந்து இருக்கிறது. பலருக்குக் கூடு தழும்பாகி வலிப்பே நின்றுவிடுமாம். அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தவே கூடாது, வண்டியைத் தொடவே கூடாது.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. கையில இரும்பு குடுக்குறதால ஒண்ணும் ஆகாது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். வாயில எதையும் திணிக்கக் கூடாது."

"எம் பொண்ணுக்கும் வருமா மேடம்?"

"இது புழு. பரம்பரை இல்ல. உங்ககிட்டேர்ந்து யாருக்கும் வராது."

மதியம் அஞ்சலை தயிர்சாதம் கொண்டுவந்தாள். கிண்ணத்தைத் திறக்க விடவில்லை.

"எனக்கு வலிப்புன்னு தையிலயே உனக்குத் தெரியுமாடி?"

அவள் மறுக்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "ரேவதிக்குத் திருக்கோவிலூர்லேர்ந்து பொண்ணு பாத்துட்டுப் போன வாரம் அது. அப்பனுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? உங்ககிட்ட சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? ஸ்டாண்டுல பத்து பேருகிட்ட சொல்லுவீங்க. உங்க வாயி ஊருக்கே தெரியும்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"வலிப்புன்னாரு. வண்டி ஓட்ட வேணாம்னாரு. அதுக்கப்பறம் என் காதுல ஒண்ணும் ஏறல. வூட்டுக்காரருகிட்ட சொல்லிடாதீங்க, நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

"புழுவால வரதுன்னு சொல்லலியா? பரம்பரை இல்லன்னு சொல்லலியா?"

"நாங்க கேக்கல." ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

அடப்பாவிகளா. ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் மறைக்க வேண்டியதே இல்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ரேவதி காலேஜ் போகும்போது தினமும் என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து கச்சிராயபாளையம் வரை வருவாள். தைக்குப் பிறகு வரவில்லை. ஃப்ரண்டுகளோடு பஸ்ஸில் போகிறேன் என்றாள். அஞ்சலையும் எங்கே கிளம்பினாலும் பஸ்தான். "ஏண்டி, நாலு மாசமா நீயும் அவளும் என் வண்டியில ஏறவேயில்ல. அதுக்குத்தானா?"

"பெத்த பொண்ணாச்சே," என்றாள்.

"பூங்கொடிய மரம் பெத்துதா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கவலையில்லை. நோயை மறைத்தார்கள், அதைக்கூட மன்னிக்கலாம், நானும் என் அப்பனுக்கு அதைத்தான் செய்தேன். ஆனால் என் அப்பா யாரையும் ஏற்றிக்கொண்டு மலையேறவில்லை. தன் பிள்ளையை இறக்கிவிட்டு, ஊரான் பிள்ளைகளை ஏற்றி, "போய்ட்டு வாங்க," என்று தினமும் வாசலில் நின்று கையசைத்தாளே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது? இந்த ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். அன்பு என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் நமக்காக முடிவு எடுக்க ஆரம்பித்தால், அதில் யார் யார் பலி என்பது அவர்கள் கணக்கில் வராது.

மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டார் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. அதற்கு முன் அஞ்சலை என் காலைத் தொட்டுக் கெஞ்சினாள். "பிரேக்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஏட்டு வந்தாலும் அதையே சொல்லுங்க. பாய்க்கு நாம அப்பறமா ஏதாவது செஞ்சிக்கலாம்." அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மகள் கல்யாணம் நடக்கும், பாஷா பாய் உள்ளே போவார். சொல்லாவிட்டால் பாய் தப்பிப்பார், கல்யாணம் கையைவிட்டுப் போகும்.

சம்பந்தி உட்கார்ந்ததும், "பிரேக்க ஒழுங்கா பாக்காத அந்த மெக்கானிக்க சும்மா வுடக்கூடாதுங்க சம்பந்தி," என்றார்.

"பிரேக்ல ஒரு கொறையும் இல்லீங்க," என்றேன். "எனக்கு வலிப்பு. வண்டி ஓட்டும்போது வந்துடுச்சி. தையிலயே ஒருவாட்டி வந்துதாம், எனக்கே இப்பதான் தெரியும். இது புழுவால வரது, பரம்பரையில்ல. நம்பலன்னா டாக்டரம்மா இங்கதான் இருக்காங்க, நீங்களே கேட்டுக்குங்க."

சேகர் தலையில் கைவைத்துக்கொண்டான். சம்பந்தி டாக்டரிடம் போய்க் கேட்டார். அந்த மரியாதையையாவது செய்தார். திரும்பி வந்து, "ஊருக்குப் போயி கலந்துகினு சொல்றோங்க," என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த நாள் ஏட்டிடமும் அதையே எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸையும் கொடுத்துவிட்டேன். பாஷா பாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த வாரம் திருக்கோவிலூரிலிருந்து போன் வந்தது. ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அஞ்சலை ஸ்வீட் எடுத்து என் வாயில் வைத்தாள். "நல்ல மனுஷங்க, பாத்தீங்களா," என்றாள். நானும் மென்றேன். உண்மையைச் சொன்னதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அன்று சாயந்திரம் ரேவதி என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்பா, அவருக்கு இது முன்னயே தெரியும். மாசியிலயே நான் போன்ல சொல்லிட்டேன். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு மனசு வரல. அவரு பரவால்லன்னுட்டாரு. அவங்க வூட்ல பேசி சம்மதிக்க வெச்சதும் அவர்தான்."

எனக்குச் சந்தோஷம்தான். நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் மாசியிலிருந்து வைகாசிவரை எத்தனை நாள் என்று மனதுக்குள் ஓடியது. திருக்கோவிலூரில் இருக்கிற, நான் இரண்டே முறை பார்த்த பையனுக்கு மாசியிலேயே தெரிந்திருக்கிறது.

"அவருக்குச் சொன்ன. எனக்கு ஏம்மா சொல்லல?"

எண்ணெய்க் கையை அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா நீ அன்னிக்கே வண்டிய வுட்டுடுவியேப்பா," என்றாள். "அப்பறம் காசு ஏது, கல்யாணம் எப்பிடிப்பா நடக்கும்?"

ஆமாம். விட்டிருப்பேன்.